நாலு ஓவருக்குப் பதினெட்டுக் கோடி

(நம் குடியிருப்பின் பொங்கல் விழாவில் சமுதாயக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேசியவர் பி பிளாக்கில் குடியிருப்பவர். பனியன் கம்பெனியில் உற்பத்திப் பிரிவில் 27 வருடம் வேலை பார்த்தவர்.)

 

கோலப் போட்டிக்கு மார்க் கூட்டி முடிக்கிற வரைக்கும் ஏதாவது பேசுங்க என்று செயலாளர் மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார். எனக்குப் பேசத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று பனியன், இன்னொன்று கிரிக்கெட். பனியனைப் பற்றிப் பேசினால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள், ஏனென்றால் இன்றைக்கு ஒரு நாள்தான் அதை மறந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் கிரிக்கெட்.

போன டிசம்பர் 16-ம் தேதி மத்தியானம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை நடந்தது ஞாபகம் இருக்கும். தண்ணீர் லாரி எப்போது வரும் என்று ஏ பிளாக் அக்கா கேட்ட கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லை. அபுதாபியில் ஐ.பி.எல். ஏலம் ஓடிக்கொண்டிருந்தது. நம்ம சென்னை டீம் விடுவித்த மதீஷ பதிரனாவை கொல்கத்தா 18 கோடிக்கு எடுத்துக்கொண்டது. "நாலு ஓவர் போடறவனுக்குப் பதினெட்டுக் கோடியா?" என்று ஒருத்தர் கேட்டார். "நம்மகிட்ட இருந்தவனை ஏன் விட்டாங்க?" என்று இன்னொருத்தர். அதற்குள் யாரோ மகேந்திர சிங் தோனியை இழுக்க, குழுவையே இரண்டு மணி நேரம் பூட்டி வைக்க வேண்டியதாகிவிட்டது. லாரி சாயங்காலம் வந்தது.

அந்த இரண்டு கேள்விக்கும் எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன். கடைசியில் உங்களிடம் ஒரு கோரிக்கையும் இருக்கிறது. பயப்பட வேண்டாம், நன்கொடை இல்லை.

ஆட்டம் நடக்காத மாதங்களில்தான் ஒரு டீமின் நிஜமான வேலை நடக்கிறது. இதைத் திருப்பூர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு ஆட்கள் ஊருக்குப் போவார்கள். போனவர்களில் எத்தனை பேர் திரும்புவார்கள் என்று முதலாளிக்கும் தெரியாது, போனவருக்கும் தெரியாது. பொங்கல் முடிந்ததும் ஒவ்வொரு கேட்டிலும் போர்டு தொங்கும்: ஓவர்லாக், பேட்லாக் டைலர்கள் தேவை, செக்கிங் ஆட்கள் தேவை. பக்கத்துக் கம்பெனி டைலரை முன்பணம் கொடுத்து இழுப்பதும், அவர் அதை வாங்கிக்கொண்டு மூன்றாவது கம்பெனியில் உட்கார்ந்திருப்பதும் இந்தச் சமயத்தில்தான். நானும் ஆள் இழுத்திருக்கிறேன். என் ஆளையும் இழுத்திருக்கிறார்கள். ஐ.பி.எல். ஏலம் என்பது ஏறக்குறைய அதுதான், குளிரூட்டிய அறையில், கோட்டு போட்டுக்கொண்டு நடக்கிறது.

டைலர்களில் எல்லாருக்கும் ஒரே ரேட் கிடையாது. நேர் தையல் போட நூறு பேர் கிடைப்பார்கள். கழுத்துப் பட்டி கச்சிதமாக ஏற்றுகிற ஆள் நாலு பேர்தான். அந்த நாலு பேருக்குத்தான் போட்டி. கிரிக்கெட்டில் அந்த நாலு பேர் வேகப்பந்து வீச்சாளர்கள். அதிலும் கடைசி நாலு ஓவரை நம்பிக் கொடுக்கக்கூடிய ஆட்கள். ஒரு டீம் பதினொரு பேரில் நாலு வெளிநாட்டுக்காரர்களைத்தான் இறக்கலாம். மீதி ஏழும் நம்மவர்களாக இருந்தாக வேண்டும். அந்த ஏழுக்குள் நல்ல வேகம் இரண்டு வேண்டும் என்றால் பத்து டீமுக்கும் இருபது பேர் வேண்டும். அப்படி இருபது பேர் நாட்டில் ஒரே சமயத்தில் காயமில்லாமல் இருந்ததே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

"காயமில்லாமல்" என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவுக்கு டி-ஷர்ட் அனுப்புகிறவர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள், பேஸ்பால் தெரிந்திருக்கும். அங்கே பந்து எறிகிறவனுக்குப் பிட்சர் என்று பெயர். ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிறவன் ஸ்டார்ட்டிங் பிட்சர். அவன் ஒரு ஆட்டத்தில் சுமார் நூறு பந்து வரை எறிவான். பிறகு நாலைந்து நாள் அவனைத் தொடமாட்டார்கள். அதனால் ஒரு டீமுக்கு அப்படி ஐந்து பேர் வேண்டும், முறை வைத்து. அங்கேயும் குளிர்காலத்தில்தான் இந்த ஐந்து பேரைத் தேடி ஓடுவார்கள். 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் டீம் யமமோட்டோ என்ற ஜப்பான் பையனை 12 வருட ஒப்பந்தத்தில் எடுத்தது, 32.5 கோடி டாலருக்கு. அமெரிக்க மண்ணில் அவன் அதுவரை ஒரு லீக் ஆட்டம்கூட ஆடியதில்லை. முதல் வருடமே தோள் வலி வந்து கிட்டத்தட்ட மூன்று மாதம் உட்கார்ந்துவிட்டான். "போச்சு பணம்" என்றார்கள். 2025-ல் உலகக் கோப்பை மாதிரியான அவர்களுடைய இறுதித் தொடரில் டீமை ஜெயிக்க வைத்து, தொடர் நாயகன் விருதும் வாங்கினான்.

பேஸ்பாலில் முழங்கையை மடக்கி எறியலாம் என்பதால் முதலில் போவது முழங்கைத் தசைநார்தான். 1974-ல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு ஃபிராங்க் ஜோப் என்ற டாக்டர் வேறிடத்திலிருந்து தசைநார் எடுத்து முழங்கையில் வைத்துத் தைத்தார். அவர் 1976-ல் திரும்பி வந்து 1989 வரை ஆடினார். இன்றைக்கும் அந்த அறுவை சிகிச்சைக்கு அவர் பெயர்தான். கிரிக்கெட்டில் கையை நீட்டி வீச வேண்டும், அதனால் அடி முதுகுக்கும் முன்காலுக்கும் போகிறது. முன்கால் தரையில் இறங்குகிற அந்த நொடியில் உடம்பு எடையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் சுமை விழுகிறது. ஒவ்வொரு பந்துக்கும். அதுவும் உடம்பை ஒருபக்கம் வளைத்துக்கொண்டு.

இப்போது நம்ம சென்னைக்கு வருகிறேன். 2022 பிப்ரவரி ஏலத்தில் தீபக் சாஹரை 14 கோடி கொடுத்து எடுத்தார்கள். புதுப் பந்தில் அவரை விட்டால் ஆளில்லை என்ற கணக்கு. ஏலம் முடிந்த கொஞ்ச நாளிலேயே தொடையில் காயம், பிறகு முதுகு. அந்த சீசனில் ஒரு பந்துகூட வீசவில்லை. அவர் இடத்தில் வீசியது யார்? முகேஷ் சௌத்ரி. விலை 20 லட்சம். 16 விக்கெட் எடுத்தார். அதே வருடம் ஆடம் மில்ன் என்ற நியூசிலாந்துக்காரர், 1.90 கோடி, ஒரு ஆட்டத்தோடு காயம். அவருக்கு மாற்றாக 20 லட்சத்துக்கு இலங்கையிலிருந்து ஒரு பையனைக் கூட்டி வந்தார்கள். அந்தப் பையன்தான் பதிரனா.

2023-ல் இன்னும் வேடிக்கை. பென் ஸ்டோக்ஸுக்கு 16.25 கோடி. இரண்டு ஆட்டம் ஆடினார். வீசியது ஒரே ஒரு ஓவர். ஆனால் அந்த வருடம் கோப்பை நம்முடையது! விக்கெட் எடுத்துக் கொடுத்தது 20 லட்சத்து துஷார் தேஷ்பாண்டே, 21 விக்கெட். 20 லட்சத்துப் பதிரனா, 19 விக்கெட். ஏலத்தில் கைதட்டல் வாங்கியவர் கட்டுப்போட்டு உட்கார்ந்திருக்க, ஏலத்தில் யாரும் திரும்பிப் பார்க்காதவர்கள் கோப்பையைத் தூக்கினார்கள்.

உடனே "அப்போ மலிவாக எடுத்தால் போதுமே" என்று கணக்குப் போட வேண்டாம். அந்த மலிவு கொஞ்ச காலம்தான் மலிவு. பதிரனாவையே பாருங்கள். 2025 சீசனுக்கு 13 கோடி கொடுத்துத் தக்க வைத்தார்கள். இடையில் காயங்கள் வேறு. அந்த சீசனில் ஓவருக்குப் பத்து ரன்னுக்கு மேல் போனது, டீம் கடைசி இடத்துக்குப் போனது. விட்டுவிட்டார்கள். கொல்கத்தா 18 கோடிக்கு எடுத்தது. விட்டது சரியா என்று கேட்டால், சரி என்றுதான் நான் சொல்வேன். குழுவில் என்னைத் திட்டியவர்கள் மறுபடியும் திட்டலாம். 20 லட்சத்தில் ஒருத்தர் தருவதை 13 கோடியிலும் தருவார் என்று நம்பினால் மற்ற இடங்களுக்குப் பணம் இருக்காது. கொல்கத்தா எடுத்ததும் தப்பில்லை. அவர்கள் வாங்கியது பதிரனா இதுவரை எடுத்த விக்கெட்டுகளை இல்லை. அந்த உடம்பில் இன்னும் எத்தனை நல்ல ஓவர் மிச்சம் இருக்கிறது என்ற ஊகத்தை வாங்கினார்கள். அந்த ஊகத்துக்குத்தான் பதினெட்டுக் கோடி. சரியா தப்பா என்பது எந்த ஏல மேசையிலும் தெரியாது.

நமக்குப் பக்கத்து ஆள் ஒருவர் கதையைச் சொன்னால் இது இன்னும் புரியும். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன். அப்பா தறியில் கூலி வேலை, அம்மா ரோட்டோரக் கடை. இருபது வயது வரை டென்னிஸ் பந்துதான். தமிழ்நாட்டுக்கு ரஞ்சி ஆட வந்ததும் வீச்சு முறையில் சந்தேகம் என்று நிறுத்தினார்கள். உட்கார்ந்து திருத்திக்கொண்டு மறுபடி வந்தார். டி.என்.பி.எல்.லில் யார்க்கர் போட்டே பெயர் வாங்கினார். 2017-ல் பஞ்சாப் 3 கோடி கொடுத்தது. அடுத்த வருடமே விலை 40 லட்சமாக இறங்கியது, ஹைதராபாத் எடுத்தது. 2020-ல் ஆஸ்திரேலியப் பயணத்துக்கு முதலில் வலைப் பயிற்சியில் பந்து போட மட்டும் தேர்வானவர், ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அந்த ஒரே பயணத்தில் இந்தியாவுக்கு ஆடிவிட்டுத் திரும்பினார். 2021-ல் முழங்கால் அறுவை சிகிச்சை.

2024-ல் நம் ஊர் பேர் சொல்லும் திருப்பூர் தமிழன்ஸ் டீம் அவரை டி.என்.பி.எல். ஏலத்தில் 11.25 லட்சத்துக்கு எடுத்தது. அதே வருடம் நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் டெல்லி 10.75 கோடி கொடுத்தது. ஒரே வருடம், ஒரே ஆள், ஒரே இடது கை. கிட்டத்தட்ட தொண்ணூற்றைந்து மடங்கு. அப்படி வாங்கிய டெல்லி அடுத்த சீசனில் அவரை இரண்டே ஆட்டத்தில்தான் இறக்க முடிந்தது. எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. அவர் சம்பாதித்த காசில் தன் ஊரிலேயே ஒரு மைதானம் கட்டினார். 2023-ல் தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார். உடம்பு எத்தனை நாள் உழைக்கும் என்று தெரிந்த வீட்டில் பிறந்தவர்கள் காசை மண்ணில் போடுகிறார்கள்.

திருப்பூர் தமிழன்ஸ் பேச்சு வந்துவிட்டது, இரண்டு வார்த்தை சொல்லாமல் போனால் பையன்கள் விடமாட்டார்கள். காரைக்குடி காளை என்று இருந்த டீம்தான் பேர் மாறி நம்முடையது ஆனது. நம் ஊர் பேர் வைத்திருக்கிறார்களே தவிர, 2025 தொடர் நடந்தது கோவை, சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல்லில். அந்த வருத்தம் எனக்கு உண்டு. 2024 ஏலத்தில் சாய் கிஷோருக்கு 22 லட்சம் கொடுத்தார்கள், நடராஜனையும் எடுத்தார்கள். அதாவது பந்துவீச்சில் பணத்தைப் போட்டார்கள். 2025 ஜூலை 6-ம் தேதி இறுதி ஆட்டத்தில், அஸ்வின் தலைமை தாங்கிய திண்டுக்கல்லை அவர்கள் மைதானத்திலேயே 118 ரன் வித்தியாசத்தில் அடித்துக் கோப்பையை வாங்கினார்கள். 220 அடித்து 102-க்குச் சுருட்டினார்கள். அந்தச் சுருட்டலில் பெரிய பேர் கிடையாது. சிலம்பரசன், மோகன் பிரசாத், இசக்கிமுத்து, ஆளுக்கு இரண்டு விக்கெட். ஒருத்தர் நாலு ஓவர் போட்டு முடித்தால் அடுத்தவர் தயாராக நிற்கிறார், அவ்வளவுதான்.

இனி சொல்லப்போவது கொஞ்சம் என் வீட்டு விஷயம்.

என் பையனை உங்களில் பலருக்குத் தெரியும். பத்தாவது படிக்கும்போது நல்ல உயரம், நல்ல வேகம். விசிட்டர் பார்க்கிங் பின்னால் இருக்கிற நம் வலையில் அவன் பந்து போட்டால் இரும்புக் கம்பம் அதிரும் சத்தம் ஐந்தாவது மாடி வரைக்கும் கேட்கும். எனக்கு அது நாதஸ்வரம். பள்ளி டீமுக்கு வாரம் மூன்று நாள். அகாடமிக்கு மூன்று நாள். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு டென்னிஸ் பந்து மேட்ச், காலையிலிருந்து இருட்டும் வரை. பள்ளிப் பயிற்சியாளருக்கு அகாடமியில் எவ்வளவு போட்டான் என்று தெரியாது. அகாடமிக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. மூன்றும் தெரிந்த ஒரே ஆள் நான்தான். நான் எண்ணியது வேகத்தை மட்டும். ஓவரை எண்ணவில்லை.

முதுகு வலிக்கிறது என்றான். உட்கார்ந்து படிக்கிற தோரணை சரியில்லை என்றேன். தைலம் தேய்த்துவிட்டாள் அவன் அம்மா. எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றுமில்லை என்று வந்தது, சந்தோஷமாக மறுநாளே மேட்சுக்கு அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து ஷூ நாடா கட்டக் குனிய முடியாமல் படியில் உட்கார்ந்துவிட்டான். எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் தெரிந்தது, முதுகுத்தண்டின் அடியில் கடைசி முள்ளெலும்பில், இடப்பக்கம் விரிசல். வலது கையால் வீசுகிறவர்களுக்கு இடப்பக்கம்தான் பெரும்பாலும் வருமாம். ஒரே நாளில் அடிபட்டு வருவதில்லை. எலும்பு முற்றாத வயதில், ஆற நேரம் கொடுக்காமல் திரும்பத் திரும்ப வளைப்பதால் வருகிறது. "எத்தனை ஓவர் போடுவான்?" என்று டாக்டர் கேட்டார். அவன் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். என்னிடம் கணக்கு இல்லை.

தினம் எத்தனை பீஸ், எத்தனை டேமேஜ், எந்த மெஷினில் எத்தனை ஊசி உடைந்தது என்று 27 வருடம் ஏடு எழுதியவன் நான். ஷிப்மெண்ட் நெருக்கினால் டைலர்களை ஒன்றரை ஷிப்ட் உட்கார வைப்போம். மூன்றாவது நாள் டேமேஜ் ஏறும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்படியும் உட்கார வைத்திருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு தைத்தார்கள் என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அதற்கு நான் ஏடு எழுதவில்லை.

ஏழு மாதம் பந்தைத் தொடவில்லை அவன். இப்போது நன்றாக இருக்கிறான், கல்லூரியில் மட்டை பிடிக்கிறான். வீசுவதில்லை. அவனாக எடுத்த முடிவு.

அதனால்தான் இந்தக் கோரிக்கை. நம் வலையில் இப்போது பதினோரு பிள்ளைகள் வேகப்பந்து போடுகிறார்கள். நான் மாடியிலிருந்து எண்ணினேன். ஏலம் நடந்த வாரத்தில் இரண்டு மடங்கு கூட்டம். அவர்களைத் தடுக்க நான் வரவில்லை, ஆடட்டும். வாட்ச்மேன் அண்ணன் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெயர், தேதி, எத்தனை ஓவர், அன்றைக்குப் பள்ளியிலோ அகாடமியிலோ போட்டது எத்தனை. அவ்வளவுதான். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் நெடுங்காலம் வைத்திருந்த ஒரு கணக்கை நோட்டின் அட்டையில் ஒட்டியிருக்கிறேன். 13 வயது வரை தொடர்ந்து 5 ஓவர், நாளைக்கு 10. 15 வயது வரை தொடர்ந்து 6, நாளைக்கு 12. 17 வரை தொடர்ந்து 7, நாளைக்கு 18. வாரத்தில் நாலு நாளுக்கு மேல் கூடாது, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேலும் கூடாது. வலையில் போடுவதையும் சேர்த்து எண்ணுங்கள். டென்னிஸ் பந்துக்கும் உடம்பு அதே உடம்புதான், அதையும் எழுதுங்கள். முதுகில் ஒரே இடத்தில் வலி, பின்னால் வளைந்தால் கூடுகிறது என்று பிள்ளை சொன்னால் தைலம் வேண்டாம், தோரணை வகுப்பும் வேண்டாம். எலும்பு டாக்டரிடம் காட்டி, பந்து போடுகிற பிள்ளை என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

கேள்வி ஏதாவது? சொல்லுங்க அக்கா.

(டி பிளாக் அக்கா ஒருவர், "பொம்பளப் பிள்ளைகளுக்கும் இதே கணக்குத்தானுங்களா?" என்று கேட்டார்.)

அதே கணக்குத்தானுங்க. நல்லவேளை கேட்டீர்கள், ஏனென்றால் நோட்டில் முதல் பேரே உங்கள் பிளாக் எட்டாவது படிக்கிற பாப்பா பேர்தான். நேற்றுச் சாயங்காலம் நாலு ஓவர் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. கையெழுத்து வேண்டாம் கண்ணு, அது உங்கப்பா போடுகிற இடம்.

கோல மார்க் வந்துவிட்டது போல. மைக்கைக் கொடுத்துவிடுகிறேனுங்க.